நீலமேறிய பெண்ட் பைப்

குரோம் பூசிய பெண்ட் பைப்போடு புது வண்டி எடுத்தவர்கள் முதல் சர்வீசுக்கு வரும்போது சொல்லும் குறைகளில் ஒன்றுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இருக்காது. "பெண்ட் பைப் கலர் மாறிடுச்சுண்ணே, பாலிஷ் போட்டுக் குடுத்துடுங்க" என்பார்கள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து வளைந்து இறங்கி சைலன்சரோடு சேரும் அந்தக் குழாய், ஷோரூமில் முகம் பார்க்கிற பளபளப்பில் இருந்தது. முதல் சர்வீசுக்குள் வளைவில் நீலம் ஏறிவிட்டது. நீலத்தை ஒட்டிக் கத்தரிப்பூ நிறம், அதற்குக் கீழே பொன்மஞ்சள். பட்டறைப் பையன் பழந்துணியில் பாலிஷைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தேய்த்து எடுக்க அங்கே என்ன இருக்கிறது என்று அவனும் கேட்பதில்லை, வண்டிக்காரரும் கேட்பதில்லை.

அழுக்கு இல்லை. சாயமும் இல்லை. அந்த நீலத்தில் நீல நிறப் பொருள் என்று எதுவும் கிடையாது. சூடான உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தன் மேல் ஓர் ஆக்சைடு படலத்தை வளர்த்துக்கொள்கிறது. ஒளி ஊடுருவிப் போகக்கூடிய படலம். தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு, அதில் சில பத்துப் பங்குகளை எடுத்துக்கொண்ட அளவு. மேலே விழும் ஒளியில் ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பில் பட்டே திரும்பிவிடும். மீதி உள்ளே போய், அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும். இரண்டும் வெளியே வந்து சேரும் இடத்தில், ஒரு அலையின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்தால் அந்த நிறம் அழிந்துபோகும். படலம் மெல்லியதாக இருக்கையில் முதலில் அழிவது நீலம். நீலம் போன வெள்ளை ஒளி கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. படலம் தடிக்கத் தடிக்க, அழியும் நிறம் பச்சைக்கு நகர்ந்து, அங்கிருந்து சிவப்புப் பக்கம் போகும். அப்போது மிஞ்சுவது முதலில் ஊதா, அப்புறம் நீலம். மழை நாளில் பெட்ரோல் பங்க் தரையில் எண்ணெய் சிந்திய இடத்தில் தெரியும் வானவில்லும் இதே கணக்கில்தான் வருகிறது.

இயற்பியல் படிக்காமலே கொல்லர்கள் இதை அறிந்திருந்தார்கள். உளிக்குத் துவைச்சல் போடும்போது சூடு எவ்வளவு என்று அவர்கள் பார்த்தது இந்த நிறங்களை வைத்துத்தான். சாதாரண எஃகில் வெளிர் மஞ்சள் வந்தால் சுமார் 220 டிகிரி செல்சியஸ். நீலம் வந்தால் 300ஐ ஒட்டி. குரோமியம் கலந்த எஃகு ஆக்சிஜனுக்கு அவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதில்லை. 304 வகை எவர்சில்வரில் வெளிர் மஞ்சள் தெரியவே 290 டிகிரி ஆகவேண்டும்; பழுப்புக்கு 390, கரு ஊதாவுக்கு 450, நீலத்துக்கு 540. சூடு எவ்வளவு நேரம் நின்றது என்பதும் இதில் சேரும். குறைந்த சூட்டில் நெடுநேரம் இருந்தாலும் நிறம் அடுத்த படிக்கு நகரும்.

ஆக, பெண்ட் பைப் தான் பட்ட சூட்டைத் தன் மேலேயே குறித்து வைத்துக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜினின் வாயிலிருந்து வெளிவரும் புகையின் வெப்பம், வண்டி இழுக்கும் பாரத்தைப் பொறுத்து, 600 முதல் 850 டிகிரி வரை இருக்கும். வெளியே காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் குழாயின் சுவர் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் ஒற்றைச் சுவர்க் குழாயில், ஹெட்டுக்குப் பக்கத்தில், மஞ்சளும் கொஞ்சம் நீலமும் ஏறுவது இயல்பு. யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இதைத் தவிர்க்கவே சில கம்பெனிகள் குழாய்க்குள் குழாய் வைத்து இரட்டைச் சுவராகச் செய்கின்றன. உள்ளே இருப்பது சுடும், நீலமும் ஏறும். வெளியே இருப்பது அழகாக இருக்கும். என்னைக் கேட்டால் அந்த நீலம் ஒன்றும் அவலட்சணம் இல்லை. அது பரவுகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

பரவினால் காரணம் குழாயில் இருக்காது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்தாலோ, கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பரில் வெடிப்பு விட்டாலோ பெட்ரோல் குறைந்து காற்று மிகும். எரிதல் நிதானமாகி, புகை வெளியேறும் நேரத்திலும் நடந்துகொண்டிருக்கும். தீப்பொறி விழும் டைமிங் பின்தங்கினாலும் இதே கதை. வால்வு திறக்கும்போதும் தீ அணைந்திருக்காது. சக்கரத்துக்குப் போகவேண்டிய சூடு குழாய்க்குப் போகிறது. மூன்றாவது காரணம், ஹெட்டும் குழாயும் சேரும் இடத்தில் பேக்கிங் பழுதாகி இருப்பது. ஆக்சிலேட்டரை விட்டவுடன் அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாமல் வந்த பெட்ரோல் குழாய்க்குள்ளே பற்றிக்கொள்ளும். 'பட், பட்' என்று வெடிக்கும் ஓசையைக் கெத்து என்று நினைத்துக்கொண்டு சுற்றுபவர்கள் உண்டு. பேக்கிங் மாற்றினால் அந்தக் கெத்து போய்விடும்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. 1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற விஞ்ஞானி, எந்தத் திடப்பொருளானாலும் சுமார் 525 டிகிரியில் மங்கலான சிவப்பாக ஒளிரத் தொடங்குகிறது என்று காட்டினார். இருட்டில் வண்டியை நிறுத்தி ஓடவிடும்போது குழாய் சிவந்து தெரிந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். நின்ற இடத்தில் காற்று படாமல் வெகுநேரம் உறுமவிட்டால் நல்ல வண்டியும் சிவக்கும். ஓட்டிவந்து நிறுத்தியதும் சிவந்திருந்தால் முதலில் தேடவேண்டியது பாலிஷ் டப்பாவை அல்ல, டைமிங்கையும் ஜெட்டையும்.

இனி அந்தப் பாலிஷுக்கு வருவோம். குரோம் பைப் என்று நாம் சொல்வது முழுக் குரோமியம் இல்லை. எஃகுக் குழாய், அதன் மேல் 10 முதல் 40 மைக்ரான் வரை நிக்கல், அதற்கும் மேலே கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான் வரை குரோமியம். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதில் இருநூறில் ஒரு பங்குதான் நாம் தொட்டுப் பார்த்துப் பெருமைப்படும் குரோம். துருவைத் தடுத்து நிறுத்துவது உண்மையில் நிக்கல். குரோமியம் கடினமானது, மங்காது, கீறல் எளிதில் விழாது. ஆனால் அதன் படிவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் எப்போதும் உண்டு. நிக்கலிலும் எங்காவது ஒரு நுண்துளை இருந்துவிட்டால் தண்ணீர் அதன் வழியே அடியிலுள்ள எஃகுக்குப் போய்ச் சேரும். குரோமின் மேல் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவே, அவை மேலிருந்து ஒட்டியவை அல்ல, கீழிருந்து வெளிவந்தவை.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். 400 எண் தாளை நைஸ் தாள் என்பார்கள். அதிலுள்ள துகள் ஒவ்வொன்றும் 20 மைக்ரானுக்கு மேல் இருக்கும். அரை மைக்ரான் படிவின் மேல் 20 மைக்ரான் கல்லை உருட்டினால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கொஞ்ச நாளில் குழாய் லேசாக மஞ்சள் பூத்தாற்போல ஆகும். பாலிஷ் போடப் போட மஞ்சள் கூடும். குரோமியத்தின் சாயல் நீலம் கலந்த வெள்ளை, நிக்கலின் சாயல் மஞ்சள் கலந்த வெள்ளை. மஞ்சள் தெரிகிறது என்றால் குரோம் போய்விட்டது. அதன்பிறகு எந்த டப்பாவும் அதைத் திருப்பித் தராது.

கடையில் கிடைக்கும் நீலம் நீக்கும் பசைகளும் மிக நுண்ணிய உரசுபொருள்கள்தான். வருடத்துக்கு ஒரு தடவை, மெதுவாக, குழாய் முழுக்க ஆறியபிறகு என்றால் பரவாயில்லை. காரணத்தைச் சரிசெய்யாமல் மாதாமாதம் தேய்த்தால், நீலம் திரும்ப வரும், குரோம் திரும்ப வராது. சிவப்புப் புள்ளிகளுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தால் துரு வந்துவிடும். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையான உலோகம். துருவைச் சுரண்டும், குரோமைக் கீறாது. இது மேலே வந்த துருவை எடுக்குமே தவிர அடியிலுள்ள துளையை அடைக்காது. துடைத்து உலர்த்திவிட்டு, வண்டி நாள்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவலாம். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் அதைத் துடைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் கருகிப் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

கழிப்பறை கழுவும் ஆசிட் பக்கமே போகவேண்டாம். அதிலிருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். முலாம் பட்டறைகளில் பழைய குரோமைக் கரைத்து எடுக்கவே அந்த அமிலத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு தடவை பளிச்சென்று ஆகும்; அடுத்த மழைக்குக் குழாய் முழுக்கச் செம்மண் பூசியதுபோல் இருக்கும்.

குரோம் போய்விட்டால் திரும்ப முலாம் போடலாம். பழைய படிவுகளை எடுத்து, பஃபிங் செய்து, நிக்கல் தொட்டியிலும் குரோம் தொட்டியிலும் முக்கி எடுப்பார்கள். நன்றாகச் செய்தால் புதுக்குழாய்போல வரும். ஆனால் குரோம் தொட்டியில் வழக்கமாக இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள், நிலத்தடி நீரில் கலந்தால் எளிதில் போகாது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு, மூடிப் பல ஆண்டுகள் ஆனபின்னும் சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆலைக்கும் பைக்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை, கழிவிலிருந்த நஞ்சு மட்டும் அதேதான். அதனால், இருக்கிற குரோமைக் காப்பாற்றுவது பர்சுக்கு மட்டும் நல்லதல்ல.

எவர்சில்வர் குழாயின் கதை வேறு. அதன் மேல் பூச்சு கிடையாது; குரோமியம் எஃகோடு எஃகாகக் கலந்திருக்கிறது. 1913இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் தேய்வதற்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதைக் கவனித்தார். மேற்பரப்பிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கீறினாலும் மறுபடி தானே வளர்ந்துகொள்ளும். வண்டிகளில் வருவது பெரும்பாலும் இரண்டு வகை: சுமார் 11 சதவீதம் குரோமியம் உள்ள 409, அல்லது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304. காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று நம்பலாம். 409 மேலாகச் செம்பழுப்பு நிறம் அடையும். பார்வைக்கு நன்றாக இருக்காது, ஆனால் ஓட்டை விழ நாளாகும். அதைத் துரு என்று பயந்து சுரண்டவேண்டாம்.

எவர்சில்வருக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று உப்பு. உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காப்புப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் போய்வருபவர், தூத்துக்குடி உப்பளப் பக்கம் இருப்பவர், ராமேசுவரம் போய்த் திரும்பியவர், இவர்களெல்லாம் வீட்டுக்கு வந்து குழாய் ஆறியதும் வெறும் நல்ல தண்ணீரால் கழுவினாலே போதும். சோப்புகூட இரண்டாம் பட்சம். மற்ற எதிரி, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார். அது உதிர்க்கும் இரும்புத் துணுக்குகள் எவர்சில்வரில் பதிந்து, அவை துருப்பிடித்து, குழாயே துருப்பிடித்ததுபோல் தெரியும். பிளாஸ்டிக் நார் போதும். புதுக்குழாயை மாட்டியவுடன் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். விரல் ரேகையிலுள்ள எண்ணெய்ப் பசை முதல் சூட்டிலேயே கருகிப் பதிந்துவிடும். டைட்டானியம் குழாயில் இன்னும் மோசம், ரேகை படம் பிடித்ததுபோல் நிற்கும்.

மழைக்காலத்தில் வரும் தொல்லை, உருகி ஒட்டிய ரெயின்கோட். பி.வி.சி. துணி சூட்டில் உருகுவதோடு சிதையவும் செய்கிறது. சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். அதில் ஈரம் சேர்ந்தால் மேலே சொன்ன அதே அமிலம்தான். எனவே அப்படியே விட்டுவிட்டு அது தானாகக் கருகி உதிரட்டும் என்று இருக்கக்கூடாது. இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பிளாஸ்டிக் இளகியதும் மூங்கில் சிம்பாலோ மரத்துண்டாலோ வழித்து எடுக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். மிச்சக் கறைக்குத் தின்னர் பயன்படுத்துவதானால் குழாய் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான். சூடான குழாயில் தின்னர் ஊற்றுவது தீக்குச்சி இல்லாமல் தீ மூட்டுவது.

வாட்டர் சர்வீசில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டி வந்த வண்டியை அப்படியே ரேம்ப்பில் ஏற்றி, கொதிக்கிற குழாய் மேல் பிரஷர் தண்ணீரை அடிக்கிறார்கள். வெளிப்பரப்பு சட்டென்று சுருங்க, உட்பக்கம் சுருங்க மறுக்கும். எஃகு தாங்கிக்கொள்ளும், குரோம் படிவின் நுண்வெடிப்புகள் அகலமாகும். பிறகு பளபளப்புக்கு என்று டீசல் கலந்த எண்ணெயை வண்டி முழுக்கத் தெளித்துவிடுகிறார்கள். பெண்ட் பைப்பில் அது அடுத்த பத்து நிமிடத்தில் எரிந்து தேன் நிறக் கறையாகிவிடும். கையால் தொடமுடிகிற அளவுக்கு ஆறவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். டீசலை வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குழாயைக் கழற்றி மாட்டுவதில் அறிவியல் கொஞ்சம், பொறுமை நிறைய. அரை மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். 304 எவர்சில்வர் மூன்றரை மில்லிமீட்டர் வரை போகும். தினமும் இப்படி நீண்டு சுருங்கும் ஒன்றை முறுக்கி இழுத்துப் பொருத்தினால், வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு விடுவது நிச்சயம். அதனால் முதலில் எல்லா நட்டையும் விரலால் மட்டும் ஏற்றிக் குழாயை அதன் இயல்பான இருப்பில் உட்காரவிட வேண்டும். பிறகு ஹெட் பக்க நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் பின்பக்கக் கிளாம்ப்பை இறுக்க வேண்டும். பல மெக்கானிக்குகள் பின்னாலிருந்து ஆரம்பிப்பார்கள். அது தலைகீழ் வேலை. செம்பு வளையப் பேக்கிங் ஒரு தடவை நசுங்கி உட்கார்ந்துவிட்டால் மறுபடி அதே இடத்தில் அடைக்காது. கழற்றினால் புதிது போடவேண்டும், விலை அற்பம்.

நட்டு வர மறுத்தால் ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி உந்தாதீர்கள். ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு சிறிய மின்கலம்போல் வேலை செய்து, மரைக்குள் வெள்ளைப் பொடியாக அரித்து இறுகிவிடும். பலம் கொடுத்தால் ஸ்டட் ஹெட்டோடு ஒடியும். அப்புறம் லேத்து பட்டறைக்குப் போய் டிரில் போடவேண்டியதுதான். துரு இளக்கும் எண்ணெயை மாலையில் விட்டு, காலையில் மறுபடி விட்டு, அரை திருகல் முன்னும் பின்னுமாக எடுத்தால் வந்துவிடும். திரும்ப மாட்டும்போது மரையில் செம்புப்பொடி கலந்த கிரீசைத் தடவினால் அடுத்த தடவை இந்தப் பாடு இல்லை.

கறுப்புக் குழாய்களுக்குச் சிலிக்கோன் பிசின் அடிப்படையிலான வெப்பம் தாங்கும் பெயிண்ட் போதும். அது சூட்டில்தான் முழுமையாக இறுகும். அடித்த அன்றே மழையில் எடுக்கக்கூடாது. குழாயைச் சுற்றிக் கட்டும் கண்ணாடி இழைத் துணி ரேசுக்கு; நம் மழைக்கு அது ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயை உள்ளுக்குள் அரிக்கும் கட்டுத்துணி.

குழாயின் உட்புறம்? நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் அங்கே சுத்தம் செய்ய அநேகமாக ஒன்றும் இல்லை. மெல்லிய காய்ந்த கரி இருக்கும், அது இருந்துவிட்டுப் போகட்டும். விரலில் வழவழவென்று எண்ணெய்க் கரி ஒட்டினால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். குழாயைக் கழுவுவதால் அது தீராது.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் மட்டும் உட்புறச் சுத்தம் உண்மையான வேலை. டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர், ஆர்எக்ஸ் 100 என்று இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் பெட்ரோலோடு எண்ணெயும் எரிகிறது. எரியாத எண்ணெய் தாராக மாறி, தார் காய்ந்து கரியாகி, குழாயின் குறுக்களவைக் குறைக்கிறது. இதில் போவது வெறும் வழி அல்ல. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில், குழாயைக் கூம்பாக விரித்து மறுபடி சுருக்கினால், புகையின் அழுத்த அலை எதிரொலித்துத் திரும்பிவந்து, வெளியே நழுவும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும் என்பதைப் பந்தய வண்டிகளில் செய்துகாட்டினார். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, லிட்டருக்கு 200. அதே ஆண்டு அவரது பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் நடந்த போட்டியோடு இந்த நுட்பத்தையும் எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் தப்பிப்போய் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. 98 சிசியில் 11 குதிரைத்திறன் தந்த ஆர்எக்ஸ் 100இன் குழாய்க்குள்ளும் இருப்பது இந்த அலைக் கணக்குதான். கரி அடைத்தால் கூம்பின் வடிவம் மாறும், அலை நேரம் தவறும். "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று கார்புரேட்டரை மூன்று தடவை பிரிப்பவர்கள் ஒரு தடவை குழாயைக் கழற்றிப் பார்க்கலாம்.

பட்டறைகளில் இதற்கு வழக்கமான வைத்தியம், குழாயை நெருப்பில் காய்ச்சிக் கட்டையால் தட்டுவது. கரி உதிரும் என்பது உண்மை. குரோம் நீலமாகிக் கெடும், அந்தப் புகையில் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் இருக்கும் என்பதும் உண்மை. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறவைப்பது நல்ல வழி. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றி, கரியின் பிடியைத் தளர்த்திவிடும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியப் பாத்திரம், அலுமினிய உதிரிபாகம் எதுவும் அருகில் வரக்கூடாது. அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். காலையில் தண்ணீரால் பலமுறை அலசி வெயிலில் காயவைத்து மாட்டலாம்.

இந்த வைத்தியம் எதையும் புது வண்டிக்குச் செய்யக்கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிப்படி வந்த வண்டிகளில், பெண்ட் பைப்பிலோ சைலன்சரிலோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. தேன்கூடுபோல் துளைத்த உலோகத்தின் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். அதற்கு முன்னால் குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சார் திருகியிருக்கும். காஸ்டிக், அமிலம், தட்டுதல் எதையும் இவை தாங்காது. பேக்கிங்குக்குப் பதிலாகச் சாதாரணச் சிலிக்கோன் பசையை அப்பினால் அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

கடைசியாகத் தண்ணீர். இது வெளியிலிருந்து வருவதல்ல. பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். குழாய் சூடாக இருக்கும்வரை அது ஆவியாகவே போய்விடும். உலோகம் சுமார் 50 டிகிரிக்குக் கீழே இருந்தால் அங்கேயே வேர்த்து நீராக நிற்கும், புகையிலுள்ள அமில வாயுக்களையும் கரைத்துக்கொண்டு. குரோம் முலாம் குழாயின் உட்பக்கத்துக்கு எட்டுவதில்லை. அங்கே வெறும் எஃகு. வெளியே கண்ணாடியாக மின்னும் எத்தனையோ குழாய்கள் ஒருநாள் கட்டைவிரல் அழுத்தத்தில் உள்ளே போவதற்குக் காரணம் இதுதான். சைலன்சரின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அந்த நீர் வடிவதற்காகவே கம்பெனி வைத்தது. ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள். சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள்.

வீட்டில் நிற்கும் வண்டியை இன்ஜின் கெடாமல் இருக்கட்டும் என்று தினமும் காலையில் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. குழாய்க்கு அதைவிடக் கேடு வேறில்லை: நீர் உண்டாகும் அளவுக்கு ஓடும், அதை உலர்த்தும் அளவுக்கு ஓடாது. வாரத்துக்கு ஒரு முறை சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். முடியாது என்றால் ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிட்டு, பேட்டரிக்கு மட்டும் தனியாகச் சார்ஜ் போடுங்கள்.